மூக்கக்காவும் ஏழாம் குவியலும்

எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு உர மாதிரி எடுப்பதற்காக நகராட்சி உரக்கிடங்குக்கு முதன்முதலில் போன அன்று நடந்த பேச்சு எனக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது.

"யாரு, லேப்பா?" என்று கேட்டார் குவியல்களுக்கு நடுவில் நின்ற ஒரு பெண். கையில் நீளமான இரும்புக் கம்பி. காலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்.

"ஆமாங்க."

"கண்ணாடி போட்டவரு ஒருத்தரு வருவாரே, அவரு எங்க?"

"மாற்றலாகிப் போயிட்டாருங்க."

"அவரு கேட்டுலயே மூக்கப் பொத்திக்குவாரு. நீ பொத்தல. சளி பிடிச்சிருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப மரியாதைக்குப் பொத்தாம நிக்கிற."

உண்மை அதுதான்.

"மூச்ச அடக்கிக்கிட்டு நிக்காத, தங்கச்சி. மயக்கம் போட்டு விழுந்தா இந்தக் குவியல்லதான் விழுவ. மூணு மாசத்துல உன்னையும் சலிச்சு மூட்டை கட்டிடுவோம்."

டிராக்டரின் மேல் உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் அடக்கி வைத்த மூச்சு விட்டுப்போய், உள்ளே வந்த காற்று கண்ணில் நீரை வரவழைத்தது.

"எந்தக் குவியல்ல எடுக்கணும்னு எழுதியிருக்காங்க?"

"அஞ்சாம் நம்பர்."

"அஞ்சு இன்னும் வேகல. இங்க நின்னாலே தெரியுதே. பதினஞ்சு நாள் கழிச்சு வா."

"இன்னைக்கே எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க அக்கா."

"எடுத்துக்க. யாரு வேண்டாம்னா? உன் மிஷினும் அதையேதான் சொல்லப்போகுது."

நான்கு நாள் கழித்து எங்கள் கருவிகள் அதையேதான் சொல்லின. ஐந்தாம் குவியல் முதிரவில்லை. அதை எழுதி, கையெழுத்து வாங்கி, உறையில் போட்டு அனுப்பினோம். அவர் குவியலிலிருந்து பத்தடி தள்ளி நின்று, பூட்ஸில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டே சொன்ன விஷயம் அது.

அவரை எல்லோரும் மூக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மூக்கு பெரிதென்பதால் வந்த பேர் இல்லை, சாதாரண மூக்குதான். அந்தக் கிடங்கில் எந்தக் குவியல் வெளியே போகலாம், எது இன்னும் கிடக்க வேண்டும் என்று பதினெட்டு வருஷமாகச் சொல்லிவந்தது அந்த மூக்கு. மேற்பார்வையாளர்கள் ஐந்து பேர் மாறியிருந்தார்கள். மூக்கு மாறவில்லை.

கிடங்கு என்றால் பெரிதாக எதுவும் இல்லை. மதில் சுவர், இரும்புக் கேட், தகரம் போட்ட ஒரு அலுவலக அறை. மற்றபடி திறந்தவெளி. இரண்டு வரிசையில் பன்னிரண்டு குவியல்கள், ஒவ்வொன்றும் ஆள் உயரம். ஒவ்வொன்றின் முன்னாலும் வெள்ளைப் பெயின்டில் நம்பர் எழுதிய கல். மழைக்கு மூட நீலத் தார்ப்பாய்கள். காய்கறிச் சந்தையின் கழிவு, பூங்காக்களின் சருகு, மர அறுவை ஆலையின் தூள், மாட்டுக் கொட்டகைகளின் சாணம் எல்லாம் இங்கே வரும். மூக்கக்காவும் இன்னும் நான்கு பெண்களும் அவற்றை அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, வாரம் ஒருமுறை நீளக் கைப்பிடி போட்ட பெரிய முள்கரண்டியால் புரட்டிவிடுவார்கள்.

நான் மண்ணைப் பற்றி ஆங்கிலத்தில் படித்தவள். வீட்டில் பேசியது தமிழ். ஆகவே எனக்கு நைட்ரஜன் வேறு, தழைச்சத்து வேறு போலத்தான் மனதில் இருந்தது. ஒன்று புத்தகத்தில் இருந்தது. இன்னொன்று உர மூட்டையில் அச்சடித்திருந்தது. இரண்டும் ஒன்று என்பது தெரியும். ஆனால் அது கண்முன்னே நடக்கிற காரியம் என்று உணர்ந்தது மூக்கக்கா கம்பியைக் குவியலுக்குள் குத்தி, கொஞ்ச நேரம் விட்டு, உருவி, என் உள்ளங்கையில் வைத்தபோதுதான். கொதிக்கிற பாத்திரத்துக்குள் கிடந்த கரண்டி மாதிரி சுட்டது.

"அடுப்பும் இல்ல, நெருப்பும் இல்ல. உள்ள கோடிப் பேரு உக்காந்து சாப்பிடுறாங்க. அந்தச் சூடு" என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. வாடிய கீரையிலும் அழுகிய தக்காளியிலும் சாணத்திலும் தழைச்சத்து இருக்கிறது. ஆனால் செடியால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும், பிறகு வருகிற புழுக்களும் வண்டுகளும் அதைத் தின்று, தங்கள் உடம்பாக்கி, கழித்து, செத்து, கடைசியில் வேருக்கு ஏற்ற உப்பாக மாற்றித் தர வேண்டும். நடுவில் அம்மோனியா என்று ஒரு கட்டம் வருகிறது. சருகும் மரத்தூளும் போதுமான அளவு இருந்தால் தின்பவர்கள் அந்த அம்மோனியாவையும் விடாமல் பிடித்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் அது காற்றில் போய்விடும். அப்படிப் போகும்போதுதான் மூக்கில் ஏறுகிற அந்த நெடி. அந்த நிலையில் உரத்தை அள்ளிப் போட்டால் இளம் வேர் வெந்துவிடும்.

மூக்கக்காவுக்கு அம்மோனியா என்ற சொல் வாயில் நுழையாது. "மூத்திர நெடி வருது, சத்து ஓடுது, சருகக் கொட்டு" என்பார். நான்கு பேரும் சருகைக் கொட்டுவார்கள். மறுநாள் வந்து முகர்ந்துவிட்டு, "இப்ப உள்ளயே நிக்குது" என்பார். புளித்த வாடை வந்தால் காற்றுப் போகவில்லை, புரட்ட வேண்டும். ஒரு வாடையும் இல்லாமல் கம்பியும் குளிர்ந்து வந்தால் காய்ந்துபோய்விட்டது, தண்ணீர் வேண்டும். எல்லாம் முடிந்து முதல் மழை விழுந்த மண்ணின் வாசனை வந்தால் சலிக்கலாம். சமையலறையில் நிற்கிறவர் உப்பு பார்க்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக அதைச் செய்தார்.

அவரைக் கூர்ந்து கவனித்து இதையெல்லாம் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல மாட்டேன். மாதத்துக்கு இரண்டு முறை போவேன், பையில் மாதிரி எடுப்பேன், அவர் ஏதாவது கிண்டல் செய்வார், வருவேன். "லேப் தங்கச்சி ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைதான் பேசும், அதுல எட்டு 'ஆமாங்க'" என்று மற்றவர்களிடம் சொல்லுவார். எனக்கு அது பிடித்திருந்தது.

இரண்டாம் வருஷம் மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் வரவில்லை. திரும்பி வந்தபோது கன்னம் ஒட்டியிருந்தது, குரல் கம்மியிருந்தது. கிண்டல் குறைந்ததை உடம்பு சோர்வு என்று நினைத்தேன். இன்னொன்றையும் பார்த்தேன், ஆனால் அதற்கு அர்த்தம் பிறகுதான் தெரிந்தது. முன்பெல்லாம் குவியலைப் பார்ப்பார். இப்போது குவியலுக்குப் பக்கத்தில் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்தார்.

அந்தச் சமயத்தில் மீன் சந்தையின் கழிவுக் குழியில் மழைநீர் புகுந்துவிட்டது என்று, ஒரு வாரம் மீன் கழிவெல்லாம் இங்கே வந்தது. அது ஏழாம் குவியலுக்குப் போயிற்று. மீனில் தழைச்சத்து அதிகம். வழக்கத்தைவிட இரண்டு பங்கு சருகு வேண்டும். அவர்கள் வழக்கமான அளவில்தான் போட்டார்கள், பிறகு மூக்கு சொன்னால் சேர்க்கலாம் என்று. மூக்கு சொல்லவில்லை. மேலே தார்ப்பாய் கிழிந்து தண்ணீர் இறங்கியதில் குவியல் சீக்கிரம் ஆறிவிட்டது. கம்பி குளிர்ந்து வந்தது. மூக்கக்கா ஏழாம் நம்பர் கல்லின் மேல் ஒரு செங்கல்லை வைத்தார். அந்தக் கிடங்கில் செங்கல் வைத்தால் "அள்ளலாம்" என்று அர்த்தம். டிராக்டர்காரர் அள்ளினார். சலித்து, மூட்டை கட்டி, ஊருக்கு வெளியே இருந்த ஒரு நாற்றுப் பண்ணைக்குக் கொண்டுபோய் இறக்கினார்.

பன்னிரண்டாம் நாள் பண்ணைக்கார அம்மா கையில் ஒரு தட்டோடு வந்து நின்றார். நான் அப்போது அலுவலக அறையில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். தட்டில் குழிகுழியாகத் தக்காளி நாற்றுகள். இலை ஓரமெல்லாம் இஸ்திரிப் பெட்டி பட்டது போலக் கருகியிருந்தது. ஒரு நாற்றைப் பிடுங்கி மேசையில் போட்டார். வேர் பழுப்பாக, நூல் போல இருந்தது.

"மூவாயிரம் கன்னு! இது உரமா, விஷமா? பத்து வருஷமா உங்ககிட்டதான் வாங்குறேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் இத விக்கிறது?"

மேற்பார்வையாளர் ஆறு மாதம் முன்னால் வந்தவர். கெட்டவர் இல்லை, பதற்றக்காரர். "எந்தக் குவியல்?" என்று கேட்டார். "ஏழு" என்றார் டிராக்டர்காரர். மேற்பார்வையாளர் வாசலில் நின்ற மூக்கக்காவைத் திரும்பிப் பார்த்தார். "ஏழ நீங்க பார்த்தீங்களாக்கா?"

"பார்த்தேன் சார்."

"அக்கா பார்த்தா தப்பாகாது. அப்ப இவன்தான் மாத்தி அள்ளிட்டான். எட்டுல வாரியிருப்ப. எட்டு அப்பதான் புதுசாப் போட்டது."

"சத்தியமா ஏழு சார். செங்கல் ஏழு மேலதான் இருந்துச்சு."

"செங்கலுக்குக் காலு முளைச்சு நடந்துச்சா? திங்கக்கிழமையிலேருந்து நீ வர வேண்டாம். வேற ஆளு பார்த்துக்கறேன்."

டிராக்டர்காரர் தினக்கூலி ஆள். அவர் மூக்கக்காவைப் பார்த்தார். மூக்கக்கா மேசையில் கிடந்த நாற்றைப் பார்த்தார். அறையில் எல்லோரும் அவர் பேசுவார் என்று காத்திருந்தது போல ஒரு இடைவெளி விழுந்தது. பிறகு பண்ணைக்கார அம்மா மறுபடி ஆரம்பித்தார்.

ஏழாம் குவியலில் மிச்சம் இருந்ததையும், பண்ணையில் மிச்சம் இருந்த மூட்டையையும் சோதித்துத் தரும்படி எங்களிடம் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை காலையில் முடிவு வந்துவிட்டது. இரண்டும் ஒன்று. டிராக்டர்காரர் சொன்னது சரி, ஏழிலிருந்துதான் அள்ளியிருந்தார். இரண்டிலும் அம்மோனியா மிக அதிகம். வேர் எடுத்துக்கொள்ளக்கூடிய கடைசி வடிவம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

அறிக்கையைத் தட்டச்சு செய்து அனுப்பினால் என் வேலை முடிந்தது. அனுப்பாமல் மதியம் பேருந்து ஏறிக் கிடங்குக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், பதினெட்டு வருஷத்தை ஒரு காகிதத்தில் போட்டு உறையில் ஒட்ட மனம் வரவில்லை.

மூக்கக்கா ஏழாம் குவியலுக்குப் பின்னால் தனியாக நின்று, கம்பியைக் குத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, ரெண்டும் ஒண்ணுதான்."

கம்பியை உருவினார். தொட்டார். மறுபடி குத்தினார்.

"தெரியும்" என்றார்.

கம்பியைக் குவியலிலேயே விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மூக்கு போச்சு தங்கச்சி. காய்ச்சலோட போச்சு. ஏழு வாரமாச்சு. டாக்டரக் கேட்டா, வந்தாலும் வரும், வராமலும் போகும்ங்கறாரு. காலையில பால் அடிபிடிச்சுப் பாத்திரம் கரியாகுது, நான் பக்கத்துல நின்னு வெங்காயம் உரிச்சிக்கிட்டிருக்கேன். என் வீட்டுக்காரரு தையல் மிஷின விட்டுட்டு ஓடி வர்றாரு, 'என்னடி, வீட்டையே கொளுத்துறியா'ன்னு. அவருக்கு மட்டும்தான் தெரியும்."

"சொல்லியிருக்கலாமே அக்கா."

"என்னன்னு சொல்றது? மூக்கக்காவுக்கு மூக்கு இல்லன்னா? அப்புறம் நான் இங்க யாரு? முள்கரண்டி பிடிக்கிற அஞ்சாவது ஆளு."

பிறகு மெதுவாகச் சொன்னார். அவர் மற்றவர்களின் மூக்கை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். யாராவது முகத்தைச் சுளித்தால் சருகு, சுளிக்காவிட்டால் சரி. ஏழாம் குவியலைப் பற்றி டிராக்டர்காரரிடம் போகிற போக்கில் "எப்படிடா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அவர் "நல்லாத்தான் இருக்குக்கா" என்றிருக்கிறார். கண் எரியும் அளவுக்கு நெடி இருந்திருந்தால் மூக்கு இல்லாமலே தெரிந்திருக்கும். அந்த அளவுக்கு இல்லை.

டிராக்டர்காரர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதையும் பின்னால் அவரிடமே கேட்டேன். "நெடி வந்துச்சு. ஆனா அக்கா முன்னால நான் என்னத்தச் சொல்றது? என்னைய டெஸ்ட் பண்றாங்கன்னு நினைச்சேன். அவங்களே சும்மா நிக்கிறாங்க, அப்ப நல்லாத்தான் இருக்கும்னு சொல்லிட்டேன்" என்றார். மற்ற நான்கு பெண்களும் அதையேதான் சொன்னார்கள். எல்லோருக்கும் மூக்கில் ஏறியிருக்கிறது. அவரை மீறிச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

"உன் பேப்பர நாளைக்கு அனுப்பு" என்றார் மூக்கக்கா. "அவன் வேலை ஒரு உறைக்குள்ள இருந்து திரும்பி வரக் கூடாது. நானே போய் சொல்லிடறேன்."

பூட்ஸைக் கழற்றி, குழாயில் கால் கழுவி, வெறுங்காலோடு அலுவலக அறைக்குள் போனார். நான் வாசலில் நின்றேன். மேற்பார்வையாளர் முதலில் புரியாமல் சிரித்தார். பிறகு நம்பவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இது என்ன?"

"பினாயிலு."

"அப்ப தெரியுதே!"

"லேபிள் என் பக்கம் இருக்கு சார்."

மேற்பார்வையாளர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். மூடினார். உட்கார்ந்தார்.

"அன்னைக்கு இவ்வளவு பேருக்கு முன்னால கேட்டேனே, ஏன் பேசல?"

"பயந்துட்டேன் சார். தம்பி மேல தப்பு இல்ல. அவன் செங்கல் சொன்ன இடத்துலதான் அள்ளுனான். செங்கல் வச்சது நானு."

அதற்கு மேல் அவர் எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. காய்ச்சலைப் பற்றியோ பதினெட்டு வருஷத்தைப் பற்றியோ பேசவில்லை.

டிராக்டர்காரர் திங்கட்கிழமை வழக்கம்போல வந்தார். மூன்று நாள் மூக்கக்காவோடு பேசவில்லை. நான்காம் நாள் டிராக்டரை நிறுத்திவிட்டு, "அக்கா, இனிமே என்னைக் கேட்டா நாறுதுன்னா நாறுதுன்னுதான் சொல்லுவேன். கோவிச்சுக்கக் கூடாது" என்றார். "உன் சட்டையையும் சேர்த்துச் சொல்லு" என்று மூக்கக்கா பதில் கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு மூச்சு வந்தது.

மூக்கக்காவுக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். செங்கல் வைக்கிற உரிமையை எடுத்துவிட்டார்கள். இனி எங்கள் கூடத்திலிருந்து காகிதம் வந்தால்தான் குவியல் வெளியே போகும். அவர் சொன்னது போலவே முள்கரண்டி பிடிக்கிற ஐந்தாவது ஆளானார். முதல் சில வாரங்கள் நான் போகும்போதெல்லாம் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து புரட்டிக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்தால் தலையை ஆட்டுவார். அந்தக் காகிதத்தில் என் கையெழுத்தும் இருந்தது. நானும் தலையைத்தான் ஆட்டினேன்.

ஆனால் ஏழாம் குவியலை அவர் விடவில்லை. வேறு யாரையும் தொடவும் விடவில்லை. மேற்பார்வையாளர் அதைக் குழி தோண்டிப் புதைத்துவிடலாம் என்றார். "அதுல இருக்கிற சத்து என்ன பாவம் பண்ணுச்சு சார்? அரைகுறையா எழுப்பிட்டோம், அவ்வளவுதான். திரும்பப் படுக்க வைப்போம்" என்றார் மூக்கக்கா. மிச்சமிருந்ததையும் பண்ணையிலிருந்து திரும்பி வந்த மூட்டைகளையும் பிரித்துப் போட்டு, காய்ந்த சருகும் மரத்தூளுமாக மூன்று பங்கு கலந்து, புது அடுக்குகளாக ஏற்றினார். மறுநாளே கம்பி சூடாக வந்தது. புதுத் தீனி கிடைத்ததும் உள்ளே இருந்தவர்கள் பெருகத் தொடங்கியிருந்தார்கள். பெருகுவதற்குத் தழைச்சத்து வேண்டும். காற்றில் ஓடிக்கொண்டிருந்ததை உடம்புக்குள் பிடித்துக்கொண்டார்கள். நான் வாரம் ஒரு மாதிரி எடுத்தேன். அம்மோனியா இறங்கிக்கொண்டே வந்தது. ஐந்தாம் வாரம் பூஞ்சையின் வெள்ளை நூல்கள் ஓடின. எட்டாம் வாரம் புழுக்கள் தாமாகவே கீழிருந்து ஏறி வந்தன. வேருக்கு ஏற்ற வடிவம் எங்கள் வரைபடத்தில் முதலில் ஒரு புள்ளியாக, பிறகு ஒரு கோடாக மேலே ஏறியது.

பத்தாம் வாரம் காகிதம் தயாரானது. ஏழாம் குவியல் முதிர்ந்துவிட்டது, நாற்றுக்குப் போடலாம். உறையை மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, வெளியே வந்து, ஒரு செங்கல்லை எடுத்துத் தானே கல்லின் மேல் வைத்தார். பண்ணைக்கார அம்மாவுக்கு ஒரே ஒரு மூட்டை, விருப்பமிருந்தால் பத்து நாற்றில் போட்டுப் பார்க்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் முதலில் வேண்டாம் என்றார். பிறகு, "பத்து இல்ல, அஞ்சு கன்னுலதான் போடுவேன்" என்றார்.

டிராக்டர் வருவதற்குள் மூக்கக்கா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். குவியலின் பக்கவாட்டில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்திருந்தார். கறுப்பாக, காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தது. மீன் முள் ஒன்றுகூட இல்லை. தன் மூக்கருகே கொண்டுபோனார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

"உன் பேப்பரு சொன்னத நான் நம்புறேன்" என்றார். "அது வேற. நீ ஒரு தடவ மோந்து பாத்து எனக்குச் சொல்லு தங்கச்சி. நல்லா இருக்குன்னு சொல்லாத, அதப் பன்னெண்டு குவியலுக்கும் சொல்லலாம். எது மாதிரி இருக்கு, முதல்ல என்ன வருது, அப்புறம் என்ன வருதுன்னு நிதானமா சொல்லு. மரியாதைக்கு மட்டும் எதையும் சொல்லிடாத."